பருவமில்லாச் சூது

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது வழக்கம். உள்ளே முத்து உண்டா என்பதை ஏலம் எடுத்தவரும் அறியார். அதுவும் ஒருவகைச் சூதே. ஆயினும் அதற்குப் பருவம் உண்டு. சில வாரங்களில் கடலே கடையை மூடிவிடும். 1961-ஆம் ஆண்டோடு அந்தக் குளிப்பும் நின்றது.

சூதாட்டக்கூடத்துப் பொறிக்கோ பருவம் இல்லை. ஒவ்வொரு சுழற்சியும் முந்தியதோடு தொடர்பற்றது. 'பத்து முறை தோற்றாயிற்று, அடுத்தது நமக்கே' என்னும் கணக்கை, வங்கியில் பேரேடு பார்த்த கண் ஒப்புவதில்லை. இடையிடையே கிடைக்கும் சிறு வெற்றிதான் ஆளை இருக்கையில் கட்டிப்போடுகிறது. தருமம் அறிந்த தருமபுத்திரரே நாட்டை இழந்த பின்னும் எழவில்லை. தம்பியரையும் பணயம் வைத்தார்.

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றம் தடைசெய்துவிட்டது. ஆனால் பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூர் செல்லும் நம் வயதினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நாட்டுக் குடிமக்கள் சூதாட்டக்கூடத்தில் நுழைய நாளொன்றுக்கு 150 வெள்ளி செலுத்த வேண்டும்; வெளிநாட்டவருக்கு அக்கட்டணம் இல்லை. இதைச் சலுகை என்று எண்ணிவிடலாகாது. தம்மை உள்ளே விடவேண்டாமெனத் தாமே விண்ணப்பித்துத் தடை பெறவும் அங்கே வழியுண்டு. குடும்பத்தாரும் அவ்வாறு விண்ணப்பிக்கலாம்.