அறுபடும் இணைப்பு: பழுது எந்தத் துண்டில்?

நமது சங்கங்களில் பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டு வருகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்குவதற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 ஆம் நாள் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். இத்திட்டத்தின்படி எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான மென்பொருள் ஒன்று உண்டு. கணக்கு நம் மேசை மீதுள்ள பெட்டிக்குள் இருப்பதில்லை. தொலைவிலுள்ள பொதுச் சேமிப்பகத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு வரி எழுதவேண்டுமாயினும் இணைப்பு உயிரோடு இருக்கவேண்டும். முற்காலத்தில் மை தீர்ந்தால் பக்கத்துக் கடையில் ஒரு புட்டி வாங்கி வேலையைத் தொடர்ந்தோம். இணைப்பு போனால் அவ்வாறு வாங்கிவரக் கடை எதுவும் இல்லை.

இதனால் அங்கத்தினருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும். மத்திய அரசின் வட்டிச் சலுகைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாது செலுத்துவோருக்கு அதில் 3 சதவீதம் ஊக்கச் சலுகையாகக் கழிக்கப்படும். செலுத்தும் வட்டி 4 சதவீதமே ஆகிறது. 1 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஓராண்டில் இது 3,000 ரூபாய். கெடு நாளன்று பணத்துடன் வந்த விவசாயியை, 'இணைப்பு இல்லை, நாளை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினால் அந்த 3,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு? நூல் கேட்புக்காகவும் கூலிப் பட்டியலுக்காகவும் காத்து நிற்கும் நெசவாளியின் நிலையும் இதுவே. அவருக்கு அரை நாள் என்பது தறியில் அரை நாள்.

சங்கங்களுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் புகார், 'லேப்டாப் சரியில்லை. வைஃபை அறுந்து அறுந்து போகிறது' என்பதாகும். அடுத்த வாக்கியம் பெரும்பாலும், 'புதிதாக ஒன்று வாங்க நிர்வாகக் குழுவில் தீர்மானம் வைத்திருக்கிறோம்' என்பதாக இருக்கும். தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. ஆனால் பழுது லேப்டாப்பில்தானா என்று எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். அங்கத்தினர்களின் பங்குத் தொகையிலிருந்து புதிய யந்திரம் வந்து, அதுவும் அதே மேசையில் அதே மாதிரி அறுபடுமாயின் பொதுப் பேரவையில் என்ன பதில் சொல்வது?

பாகூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க அதிகச் சிரமம் இல்லை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது; ஏரியின் மதகிலிருந்து கழனிக்குப் போகிறது. கடைமடையில் நீர் இல்லை என்றவுடன் யாரும் கழனியை விற்றுவிடுவதில்லை. முதலில் தம் வாய்மடையைப் பார்க்கிறார்கள். பிறகு கிளை வாய்க்காலை, பிறகு மதகை, அதன் பின்னரே ஏரியையும் ஆற்றையும். இணைப்பும் இவ்வாறே துண்டு துண்டாக வருகிறது. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் என்னும் பெட்டி வரை வானலையில் ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து இணைப்பு நிறுவனம் வரை கண்ணாடி இழைக் கம்பியிலோ கைபேசிக் கோபுரத்தின் மூலமோ இரண்டாவது துண்டு. அங்கிருந்து பொதுச் சேமிப்பகம் வரை மூன்றாவது துண்டு. வைஃபை என்பது முதல் துண்டின் பெயர் மட்டுமே. மூன்றில் எது அறுந்தாலும் திரையில் காணும் விளைவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலால்தான் மக்கள் எல்லாவற்றையும் 'வைஃபை போய்விட்டது' என்கிறார்கள்.

துண்டு துண்டாகப் பார்க்கும் இம்முறை நம் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1998 ஆம் ஆண்டில், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வைஃபை என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. எல்லாக் கிராமங்களிலும் நம்பத்தக்க தொலைபேசி இல்லை. மின்சாரமும் அடிக்கடி நின்றது. அவர்கள் செய்தது என்ன? வெளியுலகத் தொடர்பை வில்லியனூரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து கிராமங்களுக்கு இருவழி வானொலிக் கருவிகளால் செய்தி அனுப்பினார்கள். மின்தடைக்குச் சூரிய ஒளித் தகடுகள் வைத்தார்கள். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்தில் பெண்களே மையத்தை நடத்தினர். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை மக்களிடம் சேர்த்ததும் அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கிதான். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கேற்ற சாதனம், ஒவ்வொன்றின் பலவீனத்துக்கும் தனி ஏற்பாடு என்ற யோசனை அதில் இருந்தது. இன்று நாம் ஒரே ரவுட்டரை வாங்கி மாட்டிவிட்டு எல்லாம் நடக்கும் என்றிருக்கிறோம்.

சோதனை

இணைப்பு அறுந்த அந்த நிமிஷத்தில் செய்யவேண்டியவை மிகச் சில. திரையின் மூலையிலுள்ள வைஃபை அடையாளம் இருக்கிறதா, மறைந்துவிட்டதா என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு அதே ரவுட்டருடன் இணைந்துள்ள ஒரு கைபேசியில், அதன் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். இந்த டேட்டாவை நிறுத்த மறந்தால் சோதனையே பயனற்றது. கைபேசி தன் கோபுரத்தின் வழியே பக்கத்தைக் கொண்டுவந்து நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் பழுது முதல் துண்டில், லேப்டாப் பக்கம். இரண்டிலும் அடையாளம் இருந்தும் பக்கம் வரவில்லை என்றால் இரண்டாம் துண்டைச் சந்தேகிக்கலாம். மற்றப் பக்கங்கள் எல்லாம் வந்து சங்க மென்பொருள் மட்டும் திறக்கவில்லையானால் அது மூன்றாம் துண்டு. அங்கே நம்மால் ஆவது ஒன்றுமில்லை, மாவட்ட அளவில் தெரிவிப்பதைத் தவிர.

மடுகரை வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் இந்தச் சோதனையை ஒரு வாரம் நடத்தும்படி எழுத்தர் அம்மையாரைக் கேட்டுக்கொண்டேன். பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு, அறுந்த நேரம், அடையாளத்தின் நிலை, கைபேசியின் நிலை, அப்போது மேசையில் நடந்த வேலை ஆகியவற்றை அவர் எழுதிவந்தார். ஒரு வாரத்தில் 11 பதிவுகள். எல்லாவற்றிலும் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் குழுவினர் எண்ணியிருந்தனர். நோட்டோ வேறு கதை சொல்லிற்று. 7 முறை, அவர் லேப்டாப்பை விட்டு உரப் பட்டியலையோ ரசீதையோ கையால் எழுதி முடித்துத் திரும்பியபோது இணைப்பு போயிருந்தது. 'சார், நான் வேலை செய்யும்போது போவதில்லை. கையை எடுத்தால்தான் போகிறது' என்றார் அவர். பழுதின் பாதியை அந்த ஒரு வாக்கியமே கண்டுபிடித்துவிட்டது. 3 முறை மாலையில், நகல் எடுப்பதற்காக வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியபோது. மீதி ஒரு முறை மின்தடை.

கையை எடுத்தால் போவதற்குக் காரணம் சிக்கன குணம். மின்கலத்தின் சக்தியைச் சேமிப்பதற்காக, சிறிது நேரம் வேலை இல்லாதபோது தன் வைஃபை உறுப்பையே அணைத்துவிடும்படி லேப்டாப்புக்கு ஏற்பாடு உண்டு. அணைந்த உறுப்பு சில சமயம் சரியாக விழிப்பதில்லை. விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழுள்ள வைஃபை உறுப்பைத் தேர்ந்து, அதன் 'பிராப்பர்ட்டீஸ்' என்பதில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்துக்குச் சென்றால், சக்தியைச் சேமிக்க இந்த உறுப்பை அணைக்கலாம் என்ற வாசகத்தின் எதிரே ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் போதும். செலவு ஒரு காசும் இல்லை. சில புதிய மாதிரிகளில் அந்தப் பக்கமே காணப்படாது; அவற்றுக்கு வேறு வழியைப் பின்னே சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க் விஷயம் சற்று விசித்திரமானது. வேகமான யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் அவற்றின் கம்பிகளும் வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானலையில் கலந்து வைஃபையை மங்கச் செய்யும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012 இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைப்பதும், நல்ல உறையுள்ள கம்பியைப் பயன்படுத்துவதும், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாற்றுவதும் இதற்குப் பரிகாரங்கள்.

2.4 என்பது ஊர்ப் பொது மந்தைவெளி போன்றது. அதனை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என நம் நாட்டில் 2005 இல் விதி செய்யப்பட்டது. அதனால் பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் கருவிகள், தேநீர்க் கடையின் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே வெளியில் மேய்கின்றன. அதில் ஒன்றோடொன்று உரசாத பாதைகள் 1, 6, 11 என்ற மூன்றே. அண்டை ரவுட்டர்கள் 6 இல் இருந்தால் நம்முடையதை 1க்கோ 11க்கோ மாற்றிக்கொள்வது விவேகம். 5 கிகாஹெர்ட்ஸில் இட நெருக்கடி குறைவு, வேகமும் அதிகம். ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் சோம்பல் உடையது. ஒரே அறையில் ரவுட்டரும் மேசையும் இருந்தால் அதுவே நல்லது.

அறை என்றவுடன் நினைவுக்கு வருகிறது. இன்னோர் ஊரில், திருட்டுப் பயத்தால் ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைவரிடம் கொடுத்திருந்தார்கள். பணத்துக்கு அது மிகச் சிறந்த இடம். வானலைக்கோ இரும்பு ஒரு கோட்டைச் சுவர். தடித்த பழைய சுவரும் தண்ணீர்த் தொட்டியும்கூட அலையை உண்ணும். உயரத்தில், திறந்த இடத்தில், காற்றுப்படும்படி ரவுட்டரை மாட்டவேண்டும். காற்றோட்டமில்லாத மூலையில் அது சூடேறித் தானே மயங்கிவிழும்.

இவ்வளவும் செய்யலாம். எனினும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சங்க மேசையை விட்டு நகராத கணினிக்கு வைஃபையே வேண்டியதில்லை. ரவுட்டரிலிருந்து மேசைக்கு ஒரு லேன் கம்பி இழுத்தால் முதல் துண்டின் வியாதிகள் பெரும்பாலும் தீர்ந்தன. மெல்லிய லேப்டாப்புகளில் அக்கம்பிக்கு வாய் இராது, யு.எஸ்.பி.யில் செருகும் சிறு மாற்றி கிடைக்கிறது. புதிய லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டால் இது தேநீர்ச் செலவு. கம்பி போட்ட பின்பும் இணைப்பு அறுந்தால், பழுது முதல் துண்டின் வானலையில் இல்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கணினியே எழுதிவைக்கும் ஒரு நாட்குறிப்பும் உண்டு. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து 'நெட்ஷ் வ்லான் ஷோ வ்லான்ரிப்போர்ட்' என்ற கட்டளையைக் கொடுத்தால், கடந்த 3 நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, ஏன் அறுந்தது என்று அறிக்கை தயாரித்துத் தரும். ஆங்கில எழுத்துக் கூட்டலை ஊரிலுள்ள கல்லூரிப் பிள்ளைகள் அறிந்து சொல்வார்கள். தணிக்கையாளனுக்கு இதைக் காட்டிலும் இனிய ஆவணம் இல்லை. எழுத்தரின் நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடுவது போலவே வேறுபாடு தானே வெளிப்படும்.

செய்யக்கூடாதவை சில. ரவுட்டரை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுவது ஒன்று. அதன் பின்புறத்திலுள்ள ஊசித் துளையில் குச்சியை விட்டு அழுத்துவது வேறொன்று. முன்னதால் தீங்கில்லை. பின்னது நிறுவனத்தார் பதித்துவைத்த விவரங்களையெல்லாம் அழித்துவிடலாம். பிறகு அவர்களுடைய ஆள் வரும்வரை காத்திருக்க நேரும். வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். ஊர் இளைஞர்களின் கைபேசிகள் எல்லாம் சங்க ரவுட்டரில் படம் பார்த்துக்கொண்டிருக்கையில் கணக்கு நகராது. கணக்கின் பத்திரமும் கெடும். விருந்தினருக்கெனத் தனி இணைப்புப் பெயர் வைக்கப் பெரும்பாலான ரவுட்டர்களில் வசதி உண்டு. தொலைபேசியில் அழைத்து, 'உங்கள் கணினியை இங்கிருந்தே சரிசெய்கிறோம்' என்போருக்கு வழிவிடவே கூடாது.

மின்தடைக்கு, கணினிக்கு மட்டும் மின்சேமிப்புக் கருவி வைத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். லேப்டாப்புக்குத் தன் மின்கலம் இருக்கிறது. ரவுட்டருக்குத்தான் ஆதரவு இல்லை. சிறிய ரவுட்டர் மின்கலப் பெட்டிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

எல்லாம் செய்தும் அறுபடும் நாட்கள் இருக்கும். அன்றைக்கு அங்கத்தினரின் பணத்தைப் பெற்று, தேதியும் நேரமும் இட்டு, வரிசை எண்ணுள்ள கைரசீது கொடுப்பதற்கான நடைமுறையை நிர்வாகக் குழு இப்போதே தீர்மானித்து, துறையின் அனுமதியையும் பெற்று வைத்திருக்கவேண்டும். இணைப்பு வந்தபின் கணினியில் ஏற்றும்போது ரசீதின் தேதியே செலுத்திய தேதி என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். கெடு நாளுக்கு முந்தைய வாரத்தில் இந்த ரசீதுப் புத்தகம் மேசையிலேயே இருப்பது நல்லது.

பழுது இரண்டாம் துண்டில் என்று நோட்டு காட்டினால், இணைப்பு நிறுவனத்துக்கு வெறுமனே 'வரவில்லை' என்று சொல்லவேண்டாம். இன்ன தேதிகளில் இன்ன நேரங்களில் அறுந்தது, கம்பி வழி இணைத்தும் அறுந்தது, ரவுட்டரில் இன்ன விளக்கு சிவந்தது என்று சொல்லிப் புகார் எண் வாங்கவேண்டும். தீர்வில் திருப்தி இல்லையேல் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். புகார் எண், பேசிய நேரம், வந்து பார்த்தவர் செய்த வேலை ஆகியவற்றை அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி, காரியதரிசி கையொப்பமிட்டு வைக்கட்டும். அடுத்த முறை வரும்போது முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.