எந்தக் கதவு, எந்தக் கணக்கு? தொழில்நுட்ப அறக்கட்டளைகளிடம் நிதி கேட்கும் முன்

கூகுளின் அறப்பணிப் பிரிவான கூகுள்.ஆர்க், செயற்கை நுண்ணறிவைச் சமூகப் பணிக்குப் பயன்படுத்துவோருக்கென ஒரு போட்டி வைத்து, 2019 மே மாதம் முடிவை அறிவித்தது. மொத்த நிதி 2.5 கோடி டாலர். 119 நாடுகளிலிருந்து 2,602 விண்ணப்பங்கள் வந்திருந்தன. தேர்வானவை 20. அந்த இருபதில் மும்பையைச் சேர்ந்த வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனமும் ஒன்று; அதற்குக் கிடைத்தது 20 லட்சம் டாலர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை பருத்திக் காட்டில் புழுவை எண்ணுவது. வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, அதில் விழும் அந்துப்பூச்சிகளை எண்ணி, எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் மருந்தடியுங்கள் என்று வேளாண் துறையினர் நெடுநாளாகவே சொல்லி வருகிறார்கள். ஆனால் ஒட்டிக்கிடக்கும் பூச்சிகளில் எது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் பூச்சி, எது வேறு என்று பிரித்து எண்ண யாருக்குப் பொறுமை இருக்கிறது? பொறியைப் போனில் படம் பிடித்தால் மென்பொருள் எண்ணிச் சொல்லும், மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று யோசனையும் தரும். இவ்வளவுதான் திட்டம். புழு முன்னால் நிற்கிறது. கணினி அதற்குப் பின்னால் நிற்கிறது. நிதி கேட்டு எழுதும் நம் ஊர்த் தொண்டு நிறுவனங்கள் பல இந்த வரிசையைத்தான் மாற்றிப் போடுகின்றன. 'செயலி ஒன்று உருவாக்க விரும்புகிறோம்' என்று முதல் வரியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். செயலி யாருக்கு, எதற்கு என்பது மூன்றாம் பக்கத்தில் வருகிறது. மூன்றாம் பக்கம் வரை யாராவது படித்தால் அதிர்ஷ்டம்.

எழுதுவதற்கு முன்னால் இன்னொரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பத்தில் சம்பாதித்த பணம் ஒன்று. தொழில்நுட்பத்துக்காகக் கொடுக்கும் பணம் இன்னொன்று. இரண்டும் ஒரே பெயரில் உலவுவதால் ஆளைத் தவறவிடுகிறோம்.

முதல் வகைக்கு எச்.சி.எல். நல்ல உதாரணம். தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் தொடங்கிய நிறுவனம். அதன் அறக்கட்டளை 2011 முதல் இயங்குகிறது. அது வழங்கும் எச்.சி.எல்.டெக் கிராண்ட் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று மூன்று பிரிவுகளில் கிராமப்புறப் பணிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் நிறுவனத்துக்குப் பல ஆண்டுத் திட்டமாக 5 கோடி ரூபாய். இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றவர்களுக்குத் தலா 25 லட்சம். பணம் மென்பொருளில் விளைந்தது என்றாலும், கேட்பவர் மென்பொருள் பேச வேண்டியதில்லை. காட்டை மீட்கிற நிறுவனம் காட்டைப் பற்றி எழுதினால் போதும். கொடுப்பவர் மகிழட்டும் என்று அதற்குள் ஒரு 'டாஷ்போர்டு' செருகுவது வீண்வேலை.

இரண்டாம் வகைக்கு ஆம்ஸ்டர்டாமின் என்.எல்.நெட் அறக்கட்டளையைச் சொல்லலாம். அதன் கதையே சுவையானது. நெதர்லாந்தில் இணையத்தைக் கொண்டுவந்த முன்னோடிகள் 1989-ல் அமைத்த அறக்கட்டளை அது. அவர்கள் வளர்த்த இணைய இணைப்பு வணிகத்தை 1997-ல் யூயூநெட் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. விற்ற பணத்தை வைத்துக்கொண்டு, திறந்த இணையத்துக்காக உழைப்பவர்களுக்கு நிதி தர ஆரம்பித்தார்கள். பின்னாளில் ஐரோப்பிய ஆணையத்தின் பணமும் 'என்.ஜி.ஐ. ஜீரோ' என்ற பெயரில் இவர்கள் கை வழியாக வந்தது. அந்தத் திட்டங்களில் முதல் விண்ணப்பத்துக்கு 5,000 முதல் 50,000 யூரோ வரை கேட்கலாம். விளைவது எதுவானாலும் கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் வெளியிட வேண்டும்.

விண்ணப்பிக்காவிட்டாலும் அவர்களுடைய படிவத்தை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வேன். நீளமானதல்ல, ஆனால் கேள்விகள் கூர்மையானவை. இதே வேலையை இதற்கு முன் செய்தவர்கள் யார், அவர்களுடைய முயற்சியிலிருந்து உங்களுடையது எப்படி வேறுபடுகிறது என்று கேட்கிறது. எந்தத் தொழில்நுட்பச் சிக்கல் உங்களைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்கிறது. விண்ணப்பம் எழுதச் செயற்கை நுண்ணறிவின் உதவியை எடுத்தீர்களா என்றுகூடக் கேட்கிறது! மதிப்பெண் பிரிப்பதையும் மறைப்பதில்லை: தொழில்நுட்பத் தரத்துக்கு 30, பயனுக்கும் பொருத்தத்துக்கும் 40, கேட்கும் பணத்துக்கேற்ற வேலைக்கு 30. யாரிடம் நிதி கேட்பதானாலும் இந்த மூன்று தட்டுகளில் உங்கள் திட்டத்தை வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

'முன்பே செய்தவர்கள் யார்' என்ற கேள்வி தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இப்போது இன்னும் முக்கியம். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏ.ஐ.4.பாரத், இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் மாதிரிகளைத் திறந்த மூலமாக வெளியிடுகிறது. அங்கே 2022-ல் ஒரு மையம் அமைக்க நந்தன் நிலேகணி – ரோகிணி நிலேகணி தம்பதியின் அறக்கொடை 36 கோடி ரூபாய் தந்தது. அதன் 'இண்டிக்டிரான்ஸ்-2' மாதிரி அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22-க்கும் மொழிபெயர்க்கிறது. நிலைமை இப்படியிருக்க, தமிழ்க் குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை அடியிலிருந்து செய்யப்போகிறோம், 40 லட்சம் தாருங்கள் என்று கேட்டால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே தாளை மூடிவிடுவார். இருப்பதை எடுத்து, உங்கள் ஊர்ப் பேச்சுவழக்குக்கு அது எங்கே தடுமாறுகிறது என்று காட்டி, அந்த இடைவெளிக்கு மட்டும் பணம் கேட்பது வேறு விஷயம்.

கதவு எது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி: பணம் எந்த நாட்டுக் கணக்கிலிருந்து வரும்? பெரும்பாலான விண்ணப்பங்களின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது.

வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து நேரே வருகிறதென்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் சொல்கிற எஃப்.சி.ஆர்.ஏ., பொருந்தும். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு கேட்க, நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லாதவர்கள், குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஒரு தொகையைப் பெற மட்டும் முன் அனுமதி கேட்கலாம். அதற்கும் கொடையாளரின் உறுதிக் கடிதம் முதலில் கையில் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிபந்தனைகள் இறுகிவிட்டன. வெளிநாட்டுப் பணம் புதுடெல்லி நாடாளுமன்ற வீதியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. எல்லாவற்றையும்விடச் சிறிய நிறுவனங்களைத் தாக்கியது மற்றொன்று: பதிவு பெற்ற பெரிய நிறுவனம் வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சிறியவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் அத்தோடு நின்றது.

ஆனால் வெளிநாட்டுப் பெயர் இருந்தாலே வெளிநாட்டுப் பணம் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். பன்னாட்டு நிறுவனத்தின் பெங்களூரு துணை நிறுவனம், அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இயங்கும் இந்தியக் கம்பெனி என்றால், அது தரும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகாது என்பதை 2016 நிதிச் சட்டத்தின் வழியே வந்த திருத்தம் தெளிவாக்கியது. கலிஃபோர்னியாவிலுள்ள தாய்க் கம்பெனியின் அறக்கட்டளையா, பெங்களூருக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிலை எழுத்தில் வாங்கி ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். வெளியிலுள்ள தொண்டு நிறுவனம் அதை வாங்க, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்று ஆண்டுப் பணி அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 எண்ணும் வேண்டும். நீதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பேரத்தைச் சொல்ல வேண்டும். 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, சட்டம் அப்படி' என்று கம்பெனியின் தரப்பில் சொல்வார்கள். விதியில் உள்ள அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட கேள்வி-பதிலிலேயே விளக்கியிருக்கிறது. கம்பெனி தன் கொள்கையாக ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சட்டம் என்று நம்பி, கணக்காளர் சம்பளத்தைக் கைக்காசிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் எத்தனையோ.

இனி முன்மொழிவு. ஒரு கற்பனை உதாரணம். தருமபுரி மலைக்கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையைக் கவனிக்கும் சிறு நிறுவனம் ஒன்று. பணியாளர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறார்கள். யாருக்கு அடுத்த பரிசோதனை தவறியது என்பது மாதக் கடைசியில்தான் தெரியவருகிறது. இதைத்தான் முதல் பத்தியில் எழுத வேண்டும்: எத்தனை கிராமம், எத்தனை பேர், கடந்த ஆண்டு நோட்டுகளின்படி எத்தனை பேருக்குப் பரிசோதனை தவறியது. இதைப் 'பேஸ்லைன்' என்பார்கள். நோட்டைப் புரட்டி எண்ண ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் முப்பது பக்க அலங்காரத்தைவிட மேலானது. அதன்பின், போனில் பதிந்தால் தவறியவர் பெயர் மறுநாளே தெரியும் என்ற யோசனை. சிக்னல் இல்லாத ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும்.

பட்ஜெட்டில் வழக்கமாக விட்டுப்போவது மென்பொருள் செய்து முடித்தபின் வரும் செலவு. சர்வர் வாடகை, குறுஞ்செய்திக் கட்டணம், பணியாளர்களின் போன் ரீசார்ஜ், உடைந்த போனுக்கு மாற்று, ஆறு மாதத்துக்கொருமுறை பழுது பார்க்க வரும் பொறியாளரின் கூலி. இவற்றை ஒளித்து மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்டினால் திட்டம் அழகாக இருக்கும்; இரண்டாம் ஆண்டில் செயலி படுத்துவிடும். நிதி நின்றபின் இந்த மாதச் செலவை யார் தருவார்கள் என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். 'அரசு எடுத்துக்கொள்ளும்' என்பது எல்லோரும் சொல்லும் பதில். எந்தத் துறை, யாரிடம் பேசினீர்கள், கடிதம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வரும்.

தரவுப் பாதுகாப்பும் இப்போது ஒதுக்கிவிடக்கூடியதல்ல. 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டு நிறுவனம் என்பதற்காக விலக்கு தரவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மாலைநேரப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பழகியவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

தேர்வான பிறகு ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது தவணை. என்.எல்.நெட் போன்ற இடங்களில் ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டினால்தான் அதற்கான பணம் வரும். கையிருப்பு இல்லாத நிறுவனம் முதல் கட்டத்தை மிகச் சிறியதாக வகுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சி.எஸ்.ஆரில் முன்பணம் கிடைக்கலாம், ஆனால் ரசீதுக்கு ரசீது கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு: கொடுத்த பணம் ஒப்புக்கொண்ட வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி தன் கையெழுத்தில் சான்றளிக்க வேண்டும். உங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அவர் பேனா நின்றுவிடும்.

காலக்கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. செலவாகாத சி.எஸ்.ஆர். பணத்தைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. தொடர் திட்டத்துக்கானதென்றால் நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும்; இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலுள்ள அரசு நிதிகளுக்குப் போய்விடும். அதனால்தான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சில கம்பெனிகள் திடீரென்று போன் செய்து, நம்பத்தகுந்த நிறுவனம் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கின்றன. அப்போது கேட்பது பெரும்பாலும் பதிவுச் சான்று, பான், 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.-1 எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, இரண்டு பக்கத்தில் திட்டக் குறிப்பு. 12ஏ, 80ஜி இரண்டும் முன்போல ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லுபவை அல்ல. உங்கள் சான்றிதழில் எந்தத் தேதிவரை என்று போட்டிருக்கிறது என்பதை டிசம்பரிலேயே எடுத்துப் பாருங்கள்.