ஆறு கார் ஓடினாலும் பந்தயம்தான்

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இருபது கார்கள் ஆயத்தச் சுற்று முடித்து வந்தன. கொடி அசைவதற்குள் மிஷலின் டயர் போட்ட பதினான்கு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டி ஷெட்டுக்குள் போய்விட்டன. அந்த மைதானத்தின் சாய்வான வளைவை எங்கள் டயர் தாங்காது என்று கம்பெனியே கைவிரித்திருந்தது. மிச்சம் இருந்த ஆறு காரில் நான்காவதாக வந்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. நமக்குக் கொண்டாட்டம்தான். காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களோ பாட்டில் எறிந்தார்கள், பாதியில் எழுந்து போனார்கள், பிறகு நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

வழக்கு தோற்றது. 2007-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: டிக்கெட் வாங்கியது பந்தயம் பார்க்க, பந்தயம் நடந்தது, விறுவிறுப்பாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. டயர் கம்பெனி மட்டும் தானாக முன்வந்து டிக்கெட் விலையைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளை வாங்கி ரசிகர்களுக்குக் கொடுப்பதாகவும் சொன்னது. பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம், சட்டம் அல்ல.

வெளியூர்ப் பந்தயத்துக்குப் போக நினைப்பவர்கள் ஹோட்டல் தேடுவதற்கு முன் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமா பாதியில் நின்றால் தியேட்டரில் சண்டை போட்டாவது பணம் வாங்கிவிடலாம். பந்தய டிக்கெட் அந்த ஜாதி இல்லை. நிகழ்ச்சி நிரல் மாறலாம், மழையில் தள்ளிப்போகலாம், கூடவே நடக்கும் கச்சேரிக்கு அறிவித்த பாடகர் வராமல் போகலாம் என்று நிபந்தனைகளில் முன்கூட்டியே எழுதியிருப்பார்கள். 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில் ரசிகர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் மழையில் நனைந்தார்கள். பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு சரி. பாதிப் புள்ளி கொடுத்து முடித்துவிட்டார்கள். கணக்கில் அதுவும் ஒரு பந்தயம். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் சாலையில் இருந்த ஒரு மூடி பெயர்ந்து ஃபெராரி கார் ஒன்றின் அடிப்பாகத்தைக் கிழித்தது. முதல் பயிற்சி எட்டு நிமிடத்திலேயே நின்றுபோனது. இரண்டாவது பயிற்சி அதிகாலை இரண்டரைக்குத் தொடங்கியபோது ரசிகர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு 200 டாலர் கூப்பன் கிடைத்தது. அதையும் பந்தயம் நடத்துபவர்களின் கடையில் தொப்பி, சட்டை வாங்கத்தான் பயன்படுத்த முடியும்.

முழுவதுமாக ரத்தானால் நிலைமை கொஞ்சம் தேவலாம். 2020 மார்ச் 13 காலை மெல்போர்னில் ரசிகர்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே கொரோனாவால் ரத்து என்று அறிவித்தார்கள். டிக்கெட் பணம் திரும்பியது. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கொடுத்ததைப் பற்றிப் பந்தயக்காரர்களுக்கு என்ன கவலை? அதை அவரவர் வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும். அதனால் எதை வாங்கினாலும் ஒரு கேள்வி முக்கியம்: என் பணம் யார் கையில் போகிறது, அவரை நான் எங்கே போய்ப் பிடிக்க முடியும்?

கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை நடந்ததோடு இந்தியாவில் ஃபார்முலா ஒன் முடிந்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-இல் இரவுப் பந்தயம் நடந்தது என்றாலும் அது வேறு வகைக் கார்கள். செப்பாங்கிலும் 2017-க்குப் பிறகு இல்லை. எனவே தமிழ்நாட்டு ரசிகருக்குப் பக்கம் சிங்கப்பூர்தான். 2008-இல் தொடங்கிய, உலகின் முதல் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம். மரினா பே சாலைகளில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுற்று, அதில் 62 தடவை. அதையே வைத்துப் பேசுவோம். அபுதாபிக்கோ மெல்போர்னுக்கோ போகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

டிக்கெட்டை நடத்துபவர்களின் இணையதளத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் மூலம் என்றால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று அதே தளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த டிக்கெட் என்பதிலும் கவனம் வேண்டும். இருக்கை எண்ணோடு வருவது கிராண்ட்ஸ்டாண்ட். வேலி ஓரம் நின்று பார்ப்பது வாக்அபவுட். வாக்அபவுட்டிலும் எல்லா மண்டலத்துக்கும் செல்வது ஒன்று, நான்காம் மண்டலத்துக்கு மட்டும் செல்வது ஒன்று. பெரிய கச்சேரி நடக்கும் பாடாங் திடல் நான்காம் மண்டலத்தில் இருக்கிறது. கார்கள் டயர் மாற்றும் பிட் இருப்பதோ முதல் மண்டலத்தில். விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு உள்ளே போய் அடைப்பு முன்னால் நின்று வாதாடுவதில் பயனில்லை. அங்கே உங்களுக்கு உரிமையும் இல்லை.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு வகைச் செய்தி வரும். "ப்ரோ, லீவு கிடைக்கலை, டிக்கெட் இருக்கு, வாங்கின விலைக்கே தர்றேன்." கூடவே கியூஆர் கோடு பாதி மறைத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அதே ஸ்கிரீன்ஷாட் பத்துப் பேருக்குப் போயிருக்கலாம். முதலில் வாசலுக்குப் போகிறவர் உள்ளே, மற்ற ஒன்பது பேரும் வெளியே. நிபந்தனைகளில் மறுவிற்பனைக்குத் தடை இருந்தால் உண்மையான டிக்கெட்டைக்கூட ரத்து செய்துவிடலாம்.

பணம் கொடுக்கும் வழி இங்கே தலையெழுத்தை மாற்றும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. ஊர் திரும்பிய வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முகம் தெரியாத ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு நீங்களே அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போய், அதில் உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லையென்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால் அந்த விதி கைகொடுக்காது. ஏமாந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் உட்காராதீர்கள். 1930-ஐ அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு.

டிக்கெட், விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து "ரேஸ் பேக்கேஜ்" விற்கும் டிராவல்ஸ்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கொஞ்சம் விலை கூடினாலும் இதில் ஒரு சௌகரியம் உண்டு, ஆள் உள்ளூரில் இருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் பல நேரம் பேச்சிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆணையம் கேட்பது தாளை. எந்தக் கிராண்ட்ஸ்டாண்ட், எந்த ஹோட்டல், டிக்கெட் எந்தத் தேதியில் கைக்கு வரும், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பது ஆவணம் ஆகாது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு அவர்கள் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். பலர் அதைக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. விசா மறுத்தார்கள் என்று பந்தய டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள் என எதிர்பார்க்காதீர்கள். அதனால் ஹோட்டலையாவது ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். இன்னொன்று, சிங்கப்பூர் வருகை அட்டை. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ நிரப்ப வேண்டும், இலவசம். தேடுபொறியில் மேலே வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கு ஐம்பது, நூறு டாலர் கேட்கும். அங்கே கார்டு எண்ணைக் கொடுத்தீர்களானால் பணத்தோடு பாஸ்போர்ட் விவரமும் போகும்.

தங்குமிடத்தில் பலர் சறுக்குவார்கள். பந்தய வாரத்தில் ஹோட்டல் விலை எகிறும்; உடனே "வீடு வாடகைக்கு, இரண்டு பெட்ரூம், நான்கு இரவு" என்ற விளம்பரம் இனிக்கும். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது. நான்கு இரவுக்குத் தருகிறேன் என்பவர் ஒன்று சட்டத்தை மீறுகிறார், அல்லது அப்படி ஒரு வீடே இல்லை. அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் நள்ளிரவில் பெட்டியோடு நிற்கப்போவது நீங்கள். லிட்டில் இந்தியாவில் உரிமம் பெற்ற சின்ன ஹோட்டல்களும் ஹாஸ்டல்களும் நிறைய உண்டு. அங்கிருந்து டவுன்டவுன் ரயிலில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்தது புரோமனாட். மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் மைதானம். சாலையெல்லாம் அடைத்திருக்கும் அந்தப் பந்தய நாள்களில் டாக்ஸியை நம்புவதைவிட இது மேல். இட்லி, தோசையும் கீழேயே கிடைக்கும்.

பெட்டி கட்டும்போது ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். வாயில் ஒதுக்கும் புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் தடை. சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பெட்டிக்குக்கூட வரிவிலக்கு கிடையாது, சொல்லி வரி கட்ட வேண்டும். வேப் எனப்படும் மின்சிகரெட்டை 2018 முதல் வைத்திருப்பதே குற்றம்; 2025-இல் நடவடிக்கை இன்னும் இறுகியது. அத்தை மகளுக்கு என்று குருமாவுக்கான கசகசா கொண்டுபோவீர்கள். அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கண்ணில் தடைசெய்த பொருள், அமீரகத்திலும் அப்படியே. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடும் வலிக்கான சில மாத்திரைகளுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் யாராவது "இந்தப் பார்சலை என் மாமாகிட்ட குடுத்துடுங்க தம்பி" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அரை கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே மரண தண்டனை. உள்ளே என்ன இருந்தது எனக்குத் தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

இரவுப் பந்தயம்தானே, குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025-இல் சிங்கப்பூரில்தான் ஃபார்முலா ஒன் வரலாற்றில் முதல்முறையாக வெப்ப அபாய அறிவிப்பு வந்தது, அதுவும் ஓட்டுநர்களுக்காக. நீங்கள் மாலையிலிருந்தே நிற்பீர்கள். சென்னைக்காரருக்குப் புழுக்கம் புதிதல்ல, ஆனால் சென்னையில் நாம் ஆறு மணி நேரம் கூட்டத்தில் நடப்பதில்லை. தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோதல் என்று ஏதாவது தெரிந்தால் முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்குக் காது அடைப்பான் கட்டாயம். என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது என்ற பட்டியலை முந்தைய நாள் படித்துவிடுங்கள். வாசலில் வாங்கி வைத்த பொருள் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வேலியைத் தாண்டும் விளையாட்டு மட்டும் கூடவே கூடாது. 2015-இல் பந்தயத்தின் நடுவே தடத்தில் இறங்கி நடந்த ஒரு ரசிகருக்கு ஆறு வாரச் சிறை.

அங்கே சிக்கல் வந்தால் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. வாக்குமூலம் எடுத்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அங்கே தமிழும் ஆட்சிமொழி, புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள் மின்னஞ்சலில் இருந்தால் ஒரு நாள் மிச்சம். கடைக்காரரோ ஹோட்டலோ ஏமாற்றினால் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை விசாரிக்கும். வக்கீல் வைக்க அனுமதியில்லை, செலவும் குறைவு. சுற்றுலாப் பயணி என்றால் ஊர் திரும்புவதற்குள் விரைந்து கேட்க ஏற்பாடு உண்டு. அதனால் விமானம் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே பதியுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவத் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பந்தய டிக்கெட் விலை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் அடங்காது. இதைக் கேட்டால் ஏஜென்ட் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.