தீர்ப்பு சொல்பவர்கள் – 9: கேட்டால்தான் சொல்லலாம்

பேஸ்பால் விதிப்புத்தகம் நடுவர்களுக்கு ஒரு கடுமையான கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஒருவர் தந்த தீர்ப்பை மற்றொரு நடுவர் குறை சொல்லக்கூடாது, மாற்ற முயலக்கூடாது. தீர்ப்பளித்தவரே கேட்டால்தான் வாய் திறக்கலாம். அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டங்களில் நான்கு நடுவர்கள் நிற்பார்கள்; சீசன் முடிந்து வரும் பெரிய ஆட்டங்களில் ஆறு பேர். எல்லோரும் பார்க்கிறார்கள், தீர்ப்பு மட்டும் ஒருவருடையது.

ஆகவே கேட்பதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். அடிப்பவர் மட்டையைப் பாதியில் நிறுத்தினாரா, முழுக்க வீசிவிட்டாரா? கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் நடுவரின் கோணத்தில் இது சரியாகத் தெரியாது. உடனே முதல் அல்லது மூன்றாம் பேஸ் நடுவரை நோக்கிக் கை நீட்டுவார். அங்கே மூடிய முஷ்டி உயர்ந்தால் ஸ்ட்ரைக். இரு கைகளும் விரிந்தால் இல்லை.

முதல் பேஸ் இன்னும் நுட்பமானது. அங்குள்ள நடுவர் கண்ணை பேஸின் மேல் வைத்துக்கொண்டு, பந்து கையுறையில் விழும் சத்தத்துக்குக் காதைக் கொடுக்கிறார். கால் முந்தியதா, சத்தம் முந்தியதா? பந்தைப் பிடித்தவரின் பாதம் பேஸிலிருந்து விலகியதா என்பது அப்போது அவருக்குத் தப்பிவிடலாம். அதை பிளேட் நடுவரிடம் கேட்கலாம். பேஸ்களில் வேறு ஓட்டக்காரர்கள் இல்லையென்றால், அவர் அதற்காகவே கோட்டையொட்டிக் கொஞ்ச தூரம் ஓடி வந்திருப்பார்.

2004 அக்டோபர் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் மார்க் பெல்ஹார்ன் அடித்த பந்து, இடப்பக்கச் சுவரைக் கடந்து ஒரு ரசிகரின் மேல் பட்டு உள்ளே திரும்பி விழுந்தது. அங்கே நின்ற நடுவர் ஜிம் ஜாய்ஸ் அதை ஹோம் ரன்னாகக் கொள்ளவில்லை. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று ரன் ஹோம் ரன் என்று தீர்ப்பு மாறியது. எட்டாவது இன்னிங்ஸில் யாங்கிஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ், பாஸ்டன் பந்துவீச்சாளர் ப்ரான்சன் அரோயோவின் கையைத் தட்டிப் பந்தை உருள வைத்தார். முதல் பேஸ் நடுவர் ராண்டி மார்ஷுக்கு அந்தத் தட்டல் மறைந்துவிட்டது. மறுபடியும் கூடினார்கள். ரோட்ரிகஸ் அவுட்; ரன்னே எடுத்துவிட்ட டெரெக் ஜீட்டர் முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பாஸ்டன் 4-2 என்று வென்றது. கொந்தளிக்கும் உள்ளூர்க் கூட்டத்தின் நடுவே, ஒரே இரவில் இருமுறை, அதன் அணிக்கு எதிராகத் தீர்ப்பைத் திருத்தினார்கள். நடுவர் தொழிலின் மிகச் சிறந்த இரவுகளில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

அதே ஜாய்ஸ், 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டில் முதல் பேஸ் நடுவர். டெட்ராய்ட் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக வெளியேற்றியிருந்தார். இன்னும் ஒருவர் போனால் 'பெர்ஃபெக்ட் கேம்'. 27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட் ஓடி வருவதற்குள் பந்து கலராகாவின் கையுறைக்கு வந்துவிட்டது. ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். அவர் யாரையும் கேட்கவில்லை. அவருக்குச் சந்தேகமே எழவில்லை. கேட்காததால் மற்றவர்கள் சொல்ல வழியில்லை. ஆட்டம் முடிந்து காணொளியைப் பார்த்ததும் கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவர் பிளேட் நடுவராகக் களமிறங்கியபோது, அணிப்பட்டியலைக் கொண்டுவந்து தந்தவர் கலராகாதான். ஜாய்ஸின் கண்கள் கலங்கின.

இத்தகைய தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்யும் முறை 2014இல் வந்தது. சந்தேகம் நடுவருக்கு எழ வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. அணி மேலாளரே முறையிடலாம். நடுவர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள, நியூயார்க்கில் திரைகளின் முன் அமர்ந்திருக்கும் சக நடுவர்கள் பதில் சொல்கிறார்கள்.

(அந்த நியூயார்க் அறைக்குள் அடுத்த வாரம் போவோம்)