ரோஜாப் பாகு: மணம் ஒரு வழி, நிறம் ஒரு வழி

ரோஜா சர்பத்துக்குப் பாகு காய்ச்சச் சொல்லும் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும்: இதழ்களைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். அப்படிச் செய்தால் வீடே மணக்கும். சிக்கல் அங்கேதான். பாட்டிலுக்குள் போக வேண்டிய மணம் ஆவியோடு சேர்ந்து ஜன்னல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் மிஞ்சுவது நிறமேறிய சர்க்கரைத் தண்ணீர். அதில் எசென்ஸ் ஊற்றி ஈடுகட்டுவதானால் பூவே தேவையில்லை.

ரோஜா மணம் என்பது நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கூட்டு. அவற்றில் ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் போன்றவை கொதிநீர் ஆவியோடு எளிதில் கிளம்பிவிடும். ஃபீனைல் எத்தனால் என்பது கொஞ்சம் வேறு ரகம். தண்ணீரில் நன்றாகக் கரையும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 20 கிராம். பன்னீருக்கு அந்த மென்மையான வாசம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் செம்புக் கலத்தை மண்ணால் பூசி மூடி, வெளியேறும் ஆவியைக் குழாய் வழியே இறக்கிக் குளிர்வித்துப் பிடித்துவிடுகிறார்கள். நம் வீட்டுத் திறந்த பாத்திரத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே கொதிக்கவிடாமல் மணத்தை இறக்க வேண்டும்.

அதற்குச் சர்க்கரையே போதும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் நீர் விடுவதைப் போலத்தான் இதுவும். சர்க்கரை பட்ட இதழின் செல்களிலிருந்து சவ்வூடு பரவலால் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மணமும் நிறமும் அந்த நீரோடு வருகின்றன. குல்கந்து செய்கிறவர்கள் இதழையும் சர்க்கரையையும் அடுக்கடுக்காகப் போட்டு வெயிலில் வைப்பதும் இதே காரியம்தான்.

பூவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பூங்கொத்துக்கு வரும் நீளக் காம்பு ரோஜா வேண்டாம். அது பல நாள் வாடாமல் இருப்பதற்காக வளர்க்கப்பட்ட வகை, மணம் பெரும்பாலும் இருக்காது. பூச்சிமருந்தும் தாராளமாகப் பட்டிருக்கும். மாலைக்கு வரும் பன்னீர் ரோஜா மணத்துக்குச் சரியானது. ஆனால் சந்தைப் பூ யாரும் தின்பதற்காக விளைவித்தது அல்ல. கழுவினால் மருந்து முழுதும் போய்விடாது. வீட்டுச் செடியில் பூத்ததோ, மருந்தடிக்காத தோட்டத்தில் தெரிந்தவர் பறித்துத் தந்ததோதான் நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் பறிக்க வேண்டும். இதழின் அடியில் வெள்ளையாக இருக்கும் பகுதி கசக்கும், கிள்ளிவிடுங்கள்.

இனி அளவு. 100 கிராம் இதழ், 600 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. சர்க்கரையில் 200 கிராமையும் எலுமிச்சைச் சாற்றையும் இதழோடு சேர்த்து, கையால் நன்றாகக் கசக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி இரவு முழுதும் வையுங்கள். காலையில் மீதி 400 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இதழ்மேல் ஊற்றி மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஊறியதும் மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழிந்துவிடலாம்.

இவ்வளவு சர்க்கரையா என்று தோன்றும். இதில் இனிப்பைவிடக் காப்புதான் முக்கியம். இதழின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அதையும் கணக்கில் சேர்த்தால் மேற்சொன்ன பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். மருந்துக் கடை சிரப்புகளுக்கு அடிப்படையான எளிய சிரப்புக்கு இந்திய மருந்தியல் நூல் வகுத்திருக்கும் அளவும் எடையில் 66.7 சதவீதம்தான். அந்தச் செறிவில் நீர் சர்க்கரையோடு பிணைந்துவிடுவதால் பெரும்பாலான கிருமிகளுக்கு வளர நீர் கிடைப்பதில்லை. சமபங்கு சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகு சீக்கிரம் நுரைத்துப் புளிக்கும். அதற்காகக் கம்பிப் பதம் வரை இழுத்தால் பாட்டிலின் அடியில் சர்க்கரை பூத்துவிடும். எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பதால் பூப்பது ஓரளவு குறையும். இதழைக் கொதிக்க வைக்கவில்லை என்பதால், அடர்த்தியான சர்க்கரையிலும் தாக்குப்பிடிக்கும் சில ஈஸ்ட்கள் உள்ளே இருக்கக்கூடும். எனவே பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்து நிரப்பி, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதே பத்திரம்.

எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோஜாவின் சிவப்பு ஆந்தோசயனின் வகை நிறமி. அமிலத்தில் அது பளிச்சென்ற சிவப்பு. அமிலம் குறையக் குறைய மங்கி ஊதாவாகும். 1915-ல் வேதியியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், சிவப்பு ரோஜாவிலும் நீலக் கார்ன்ஃபிளவர் பூவிலும் அடிப்படை நிறமி ஒன்றே என்று காட்டினார். வேறுபாட்டுக்கு அமில அளவுதான் காரணம் என்று அவர் கருதினார். நீலத்துக்கு இரும்பு முதலிய உலோகங்களுடன் நிறமி சேர்ந்திருப்பதே காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. இரும்புச் சட்டியில் ரோஜாப் பாகு கறுத்துப்போவதும் இந்த உறவால்தான். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். பன்னீர் ரோஜாவில் நிறம் குறைவு; அடர்சிவப்பு நாட்டு ரோஜா ஒரு பிடி சேர்த்தால் ஈடாகும்.

தண்ணீரில் கலந்தால் கண்ணுக்கு விருந்தாக இருக்கும் இந்தப் பாகு, பாலில் ஊற்றியதும் சாம்பல் பூத்த ஊதாவாகிவிடும். பாலில் அமிலம் மிகக் குறைவு, அதனால்தான். கடை ரோஸ்மில்க்கின் ரோஸ் நிறம் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, சேர்க்கப்பட்ட சாயம் அது. அனுமதிக்கப்பட்ட சாயம் அளவோடு இருந்தால் குறை சொல்வதற்கில்லை. ரோடமைன்-பி போன்ற துணிச்சாயம் உணவில் நுழையும்போதுதான் ஆபத்து. அது கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. வீட்டில் செய்கிறவர்கள் ஒரு சிறு துண்டு பீட்ரூட்டை இதழோடு ஊறவைத்துவிடலாம். அதன் நிறமி வேறு இனம். பாலிலும் நிறம் மாறாது. அதிகமானால் மண்வாடை வரும், அவ்வளவுதான். பாகில் எலுமிச்சை இருப்பதால் நன்றாகக் குளிர்ந்த பாலில் மட்டும் கலக்குங்கள். சூடான பால் திரிந்துவிடும்.

இதே முறை எல்லாப் பூவுக்கும் பொருந்தாது. செம்பருத்திக்கும் சங்குப்பூவுக்கும் மணம் பெரிதாகக் கிடையாது. நிறத்துக்காகத்தான் அவை, ஆகவே வெந்நீரில் தாராளமாக ஊறவைக்கலாம். மல்லிகை நேரெதிர். பறித்த பிறகும், இரவில் மலரும்போது மணத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் பூ அது. மாலையில் மொட்டுகளை ஆறிய பாகில் போட்டு மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும்; சூடு படவே கூடாது. அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் நஞ்சு. அழகைப் பார்த்து அவற்றைப் பாகில் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம்.

ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர், ஊறிய சப்ஜா விதை, ஒரு சிட்டிகை உப்பு: சர்பத் ரெடி. பலூடாவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அப்படியே மேலே ஊற்றலாம். ரவா கேசரியிலோ பாயசத்திலோ சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள். பாயசம் என்றால் தேங்காய்ப்பால் பாயசமே உத்தமம், பசும்பால் திரிந்துபோகும் பயம் அதில் குறைவு. பிழிந்து மிஞ்சிய இதழ்ச் சக்கையையும் எறிய வேண்டாம். இன்னும் கொஞ்சம் சர்க்கரை பிசறி ஜாடியில் வைத்தால் வெற்றிலைக்குள் வைத்து மடிக்க ஆகும்.