கைத்தாங்கல்

தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கம் யாருக்காவது கை கால் இழுத்துக்கொண்டால், நாற்பது வருடத்துக்கு முன் வீட்டார் முதலில் தேடியது புறாவை. புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் மரத்துப்போன பக்கம் உயிர் பெறும் என்று நம்பினார்கள். அப்புறம் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார்கள், நொச்சித் தழை ஒத்தடம் கொடுப்பார்கள். எலும்பு முறிந்தால் வசதியுள்ளவர் ஆந்திராவிலுள்ள புத்தூருக்குப் போவார். மற்றவர்கள் பக்கத்து ஊர் வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொள்வார்கள். எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். கட்டைப் பிரித்த பிறகு மடங்க மறுக்கும் முழங்கையை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. புறா ரத்தத்தால் யாரும் எழுந்து நடந்ததில்லை. ஆனால் அதைத் தேய்த்தவர் தினமும் அந்தக் கையை நீட்டி மடக்கினார், அதனால் மூட்டு கொஞ்சம் இறுகாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாவம், புறாதான் வீணாகச் செத்தது.

பிசியோதெரபி அப்போதே நாட்டுக்குள் வந்துவிட்டது. பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவியதைத் தொடர்ந்து 1950களின் தொடக்கத்தில் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் வந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து வேலூர் போவதென்றால் அன்றைக்கு பஸ் மாறி பஸ் ஏற வேண்டும், கூலியை விட்டுவிட்டுக் கூடவே ஓர் ஆளும் போக வேண்டும். போலியோ வந்த பிள்ளை இரும்புக் காலிப்பரோடோ, அதுவும் இல்லாமல் முட்டியில் கை ஊன்றியோ நடந்து பெரியவனானது அதனால்தான். இந்தியா போலியோ ஒழிந்த நாடாக 2014 மார்ச்சில் சான்று பெற்றது. அந்தப் பிள்ளைகளோ இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டி, நல்ல காலும் தேய்ந்துபோய் மூட்டுவலியோடு வருகிறார்கள்.

மூட்டு என்றதும் இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பாலக்கோடு வட்டாரப் பாறைக்கடியில் கிடக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பிள்ளைகளுக்குப் பல்லில் காவி படியும். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகு விறைத்துப்போகும். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார்கள். அப்போது இதை வயசான கோளாறு என்றார்கள், நாற்பது வயசுக்காரரையும் சேர்த்து. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு 2013இல் அது திறக்கப்பட்டது. படிந்த சுண்ணாம்பை எந்தப் பயிற்சியும் கரைக்காது. மிச்சமிருக்கும் அசைவைத்தான் காப்பாற்றலாம். ஆகவே தர்மபுரிக்கு வந்ததிலேயே பெரிய பிசியோதெரபி அந்தக் காவிரிக் குழாய்தான் என்பேன்.

இப்போது சிகிச்சைக்கு வழிகள் பெருகிவிட்டன. பாலக்கோட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தர்மபுரியில் 2008 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தலையில் அடிபட்டால் ரயிலோ வண்டியோ பிடித்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய சாமனப்பள்ளி, 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு செவிலியரும் வண்டியில் வீடு தேடி வருகிறார்கள். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் பிரஷரும் சுகரும் பார்த்து, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்.

வண்டியில் வந்த பிசியோதெரபிஸ்ட் என்ன செய்கிறார்? கட்டிலில் கிடக்கும் பெரியவரைத் தூக்க மருமகள் வழக்கம்போல விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறார். “அக்கா, அந்தக் கையைப் பிடிக்காதீங்க. தோள் எறங்கிடும், அப்புறம் வலி தாங்க மாட்டாரு. இடுப்புல துண்டைச் சுத்திக் கட்டி அதைப் பிடிங்க.” பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்து, அவர் முட்டி மடங்காதபடி தன் முட்டியால் அணை கொடுக்கச் சொல்கிறார். “மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற அளவுக்குக் குனியட்டும், தாத்தாவே எந்திரிப்பாரு.” மருமகள் “மாமா, குனிங்க” என்கிறார். அவர் குனிகிறார். பிட்டம் கட்டிலை விட்டுக் கிளம்புகிறது. பாதி எடையை அவரே தூக்கிவிட்டார்!

வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும், மறுபடி வர நாளாகும். அதுவரை தினமும் அதைச் செய்யப்போவது தக்காளி பறிக்கப் போகும் முன் அரை மணி நேரம் ஒதுக்கும் அந்த மருமகள்தான். அமெரிக்காவில் 1960களின் கடைசியிலேயே பிசியோதெரபி உதவியாளர் என்று தனி வேலையும் இரண்டு வருடப் படிப்பும் வந்துவிட்டன. நம்மூரில் நாலரை வருடம் படித்த பட்டதாரி இருக்கிறார், அவருக்குக் கீழே வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். நடுவில் சொல்லும்படி படிக்கட்டு இல்லை.

தனியார் கிளினிக்குகளில் அந்த இடத்தை ஒரு மாதிரி நிரப்புவது பிளஸ் டூ முடித்த உள்ளூர்ப் பெண். முட்டியில் பேட் வைத்து பெல்ட் சுற்றி, குமிழைத் திருகி “குறுகுறுன்னு இருக்கா பாட்டி?” என்பாள். ஊர்க்காரர்களுக்கு அது ‘கரண்ட் வைக்கிறது’. கரண்ட் வைத்தால்தான் காசுக்கு வைத்தியம். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்தச் சொன்னால், “இதை நான் வீட்டுலயே செய்வேனே” என்று முகம் சுளிக்கிறார்கள். வீட்டிலேயே செய்யத்தான் சொல்கிறார்கள், ஆனால் செய்வதில்லை. கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும். தொடைத் தசையைப் பலப்படுத்துவது அந்தத் துண்டுப் பயிற்சிதான். எதிரே நின்று சத்தமாக எண்ணி, ஏழிலேயே காலைத் தளர்த்தும் பாட்டியை விடாமல் பத்து வரை பிடிக்க வைப்பவள் அந்தப் பெண். சான்றிதழ் இல்லாவிட்டாலும் அதுதான் தொழில்.

அவளைக் கிளினிக்கில் நிறுத்தி வைப்பதுதான் பாடு. ஓசூர்ப் பக்கத்து செல்போன் பாக ஆலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். தங்க ஹாஸ்டல் உண்டு, பி.எஃப். உண்டு, கிளினிக்கில் கிடைப்பதைவிடச் சம்பளமும் கூடுதல். கை பழகிய பெண் கிளம்பிவிட்டால், பேட் எங்கே வைப்பது என்பதிலிருந்து அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.