உங்களுக்குத் தெரியுமா? – திருகோணமலை வழியே ஒரு நெடுநடை

● இலங்கையின் மிக நீண்ட பாதயாத்திரை, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் தாங்கிப் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமாகக் கதிர்காமம் போய்ச் சேர்கிறது. ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடக்க வேண்டும்.

● இதில் நிச்சயமான நாள் ஒன்றுதான்: கதிர்காமக் கொடியேற்றம். அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். இன்று எவ்வளவு தூரம், இரவு எந்தக் கோயில் மண்டபம் என்பதையெல்லாம் வெயிலும் தண்ணீரும் கூட வரும் முதியவர்களின் கால்களுமே முடிவு செய்யும்.

● நடப்பவர் எவரானாலும் வழியில் அவருக்குப் பெயர் 'சாமி'தான். பட்டம், பதவி, சாதி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஊர் மக்கள் இடும் அன்னதானமே சாப்பாடு.

● புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி தாண்டி வரும் அடியார்களுக்குத் திருக்கோணேஸ்வரம் பெரிய தங்கல். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது.

● திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடா குறுக்கிடும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடலில் கலப்பது இங்கேதான். முன்பு கிண்ணியாத் துறையைப் பாதைப் படகில்தான் கடந்தார்கள். படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது.

● மாவட்டத்தின் தென் எல்லை வெருகல் ஆறு. அதன் கரையில் இருக்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் வணங்கிவிட்டுத்தான் வாகரைப் பக்கம் இறங்குவார்கள்.

● இந்தக் கரையோடு இன்னொரு நெடுநடைக்கும் தொடர்புண்டு: இதே கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கியவர் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ். 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்தார். சிறு வியாபாரியாக ஊரூராகச் சுற்றி வழிகளைக் கற்றுக்கொண்டு, கடைசியில் அருவி ஆற்றின் போக்கிலேயே நடந்து 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியானது.

● யுத்தத்தால் தடைப்பட்ட கதிர்காம நடை 1988இல் மீண்டும் உயிர் பெற்றது. அதற்கு முன்னின்றவர் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர்.

● கடைசிக் கட்டம் காடு. உகந்தைமலை முருகன் கோயிலில் தொடங்கி, குமண, யால வனங்களை ஊடறுத்துச் செல்லும் பாதை ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே திறக்கப்படும். யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் இடமாதலால் இங்கே தனியாக நடப்பது ஆபத்து; கூட்டத்தோடு சேர்ந்தே போக வேண்டும்.

● முன்கூட்டியே இடம் பதியாமல், கையில் பெரும் பணம் இல்லாமல், இவ்வளவு தூரம் முதியவர்களும் நடக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் வழியிலுள்ள ஊர்கள்தான். வைகாசி, ஆனியில் உங்கள் தெருவில் 'அரோகரா' கேட்டால் குடிக்கத் தண்ணீரும் ஓய்வெடுக்க நிழலும் கொடுங்கள். நீங்களே நடக்கப் போகிறீர்களா? பிளாஸ்ரிக் போத்தலைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள்.